ஃபார்ம் பண்றது யாரு?

வெளியூர் நண்பர்கள், அதுவும் சென்னை, பெங்களூரு பக்கம் இருப்பவர்கள், என்னிடம் முதல் தடவை பேசும்போது கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “சார், நீங்க என்ன ஃபார்ம் பண்றீங்க?” தக்காளி, ராகி, ஊடுபயிரா கொஞ்சம் அவரை, வீட்டுப் பக்கத்துல நாலு தென்னை என்று சொல்வேன். “சூப்பர் சார், ரிட்டயர் ஆனதும் எங்களுக்கும் ஃபார்ம் பண்ணணும்னு ஆசை” என்பார்கள். நல்ல ஆசைதான். நானும் “வாங்க, வாங்க” என்பேன்.

மாரண்டஹள்ளியில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. “கொல்லையில என்ன வெச்சிருக்க?”, “எத்தன ஏக்கரா ஓட்டற?”, “இந்த வாட்டி வெள்ளாமை எப்படி?” இப்படித்தான் கேட்போம். எங்க ஊர்ப் பேரிலேயே கன்னட ‘ஹள்ளி’ இருக்கு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து பேசுற ஊர் இது. பயிர் வைக்கிறதைச் சொல்ல எங்களுக்கு வார்த்தைப் பஞ்சம் கிடையாது. அப்புறம் இந்த ‘ஃபார்ம்’ எங்கிருந்து வந்தது, அதுக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று தேடிப் பார்க்க வேண்டிய நிலைமை இந்த வருஷம் எனக்கு வந்தது. ஒரு போன்தான் காரணம். அதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன். முதலில் வார்த்தையைப் பார்த்துவிடுவோம், ஏன்னா வார்த்தை தெரிஞ்சாத்தான் அந்த போன் புரியும்.

லத்தீனில் ‘ஃபிர்முஸ்’ என்றால் உறுதியான, அசையாத என்று பொருள். ஆங்கிலத்தில் நாம் சொல்கிற ‘ஃபர்ம்’ அதுதான். ‘கன்ஃபர்ம்’ பண்ணிட்டீங்களா என்று டிக்கெட்டுக்குக் கேட்கிறோமே, அதிலும் அதே வேர்தான். இந்த ஃபிர்முஸிலிருந்து ‘ஃபிர்மா’ என்று ஒரு சொல் இடைக்கால லத்தீனில் வந்தது. அதன் பொருள், பேசி முடித்து நிலையாக வைத்த தொகை. அது பிரெஞ்சுக்குப் போய் ‘ஃபெர்ம்’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தபோது அதற்குள் மண் இல்லை, மாடு இல்லை, விதை இல்லை. வருஷத்துக்கு இவ்வளவு என்று முடிவு பண்ணின பணம் மட்டும்தான் இருந்தது. நம்ம பாஷையில் சொன்னால் குத்தகைப் பணம்.

15ஆம் நூற்றாண்டில் ஒரு இங்கிலீஷ்காரர் ஒரு நிலத்தை ‘ஃபார்ம்’ பண்ணினார் என்றால், அதைக் குத்தகைக்கு எடுத்தார் அல்லது விட்டார் என்று அர்த்தம். ‘ஃபார்மர்’ என்ற சொல் அதற்கும் முன்னாடியே, 14ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே புழக்கத்தில் இருக்கிறது. அன்றைக்கு ஃபார்மர் என்றால் வரி வசூலிக்கிற உரிமையை எடுத்தவர். ராஜாவுக்கு இவ்வளவு கட்டிவிடுகிறேன் என்று ஒரு தொகையை ஒத்துக்கொள்வார். அதைக் கட்டிவிட்டு, ஜனங்களிடம் அதற்கு மேல் எவ்வளவு வசூலாகுதோ அது அவருக்கு. கொஞ்சம் கொஞ்சமாக, குத்தகைக்கு விட்ட நிலத்துக்கே ‘ஃபார்ம்’ என்று பேர் வந்தது. 16ஆம் நூற்றாண்டு வாக்கில் அது பயிர் செய்கிற நிலம் என்று ஆனது. அந்த நூற்றாண்டு முடியும்போதுதான் ‘ஃபார்மர்’ பயிர் வைக்கிறவர் ஆனார். வினைச்சொல்லாக, ‘நிலத்தில் பயிர் பண்ணுவது’ என்ற அர்த்தத்தில் அது வந்தது இன்னும் தாமதம், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

இதை என் மகள் போனில் தேடிப் படித்துக் காட்டியபோது எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது எங்க பக்கத்து வாரச் சந்தைதான். சந்தைக்கு ஒரு கூடை அவரைக்காய் கொண்டு போனால் வாசலிலேயே ஒருத்தர் ரசீதுக் கட்டோடு நிற்பார். சுங்கம் கட்டிட்டுத்தான் உள்ளே போகணும். அவர் அரசாங்க ஆள் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிற ஏலத்தில் சுங்கம் வசூலிக்கிற உரிமையை எடுத்தவர். ஏலத்தொகையைக் கட்டியாச்சு, இனிமேல் வசூலாகிறது அவருடையது. ரோட்டோரப் புளியமரம் ஏலம் எடுப்பவரும் அப்படித்தான். மரத்தை நட்டதோ தண்ணி ஊத்தினதோ அவர் இல்லை, இந்த வருஷத்துக் காய்ப்பு அவருக்கு. பழைய இங்கிலீஷ் கணக்குப்படி பார்த்தால் சந்தை வாசலில் ரசீது கிழிக்கிறவர்தான் அசல் ஃபார்மர். அவரைத் தாண்டி அவரைக்காய்க் கூடையோடு உள்ளே போகிற நான் இல்லை!

பிரான்ஸில் இந்த ஏற்பாடு உச்சத்துக்குப் போனது. ராஜாவுக்காக வரி வசூலிக்கிற குத்தகைக் கூட்டத்துக்கே ‘ஃபெர்ம் ஜெனரால்’ என்று பேர். ஸ்கூலில் வேதியியல் படித்தவர்களுக்கு லவாய்சியர் ஞாபகம் இருக்கும். ஆக்சிஜனுக்கு அந்தப் பேரை வைத்தவர். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒரு ‘ஃபார்மர்’. பிரெஞ்சுப் புரட்சி வந்தபோது ஜனங்களுக்கு அந்தப் பேர் மேலேயே அவ்வளவு கோபம். 1794 மே 8ஆம் தேதி அவரையும் அவரோடு இருந்த வரிக் குத்தகைக்காரர்களையும் கில்லட்டினில் தலையை வெட்டினார்கள்.

அப்படியானால் வெள்ளைக்காரன் உழுவதற்கு முன்னாடி என்ன சொன்னான்? அதற்கு அவனிடம் வேற வார்த்தை இருந்தது. ஒன்று ‘டில்’. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பாடுபடு, முயற்சி செய் என்று பொருள். இன்னொன்று ‘ஹஸ்பண்ட்’. சிரிக்காதீங்க, நிஜம்தான். வடக்கத்தி நார்ஸ் மொழியில் வீட்டை ஆள்பவன், நிலபுலம் உள்ள குடியானவன் என்ற பொருளில் வந்த சொல் அது. உழவனுக்கு ‘ஹஸ்பண்ட்மேன்’ என்று பேர் இருந்தது. அதனால்தான் கால்நடைத் துறைக்கு இன்னைக்கும் இங்கிலீஷில் ‘அனிமல் ஹஸ்பண்ட்ரி’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நம்ம வீட்டிலும் பொம்பளைங்க புருஷனை ‘எங்க வீட்டுக்காரர்’ என்றுதானே சொல்கிறார்கள். இரண்டு பாஷையும் ஒரே இடத்தில் வந்து முட்டுகிறது பாருங்க.

நம்ம வார்த்தைகளையும் கொஞ்சம் பார்ப்போம். ‘விவசாயம்’ வடமொழி ‘வியவசாய’. முயற்சி, ஊக்கம், விடாப்பிடியான தீர்மானம் என்று பொருள். ஆங்கில ‘டில்’ எங்கே ஆரம்பித்ததோ அதே இடம். ‘வேளாண்மை’க்குத் திருக்குறளில் பொருள் பயிர் செய்வது இல்லை, அடுத்தவருக்கு உதவுவது, வந்தவரை உபசரிப்பது. பயிர்த் தொழிலுக்கு வள்ளுவர் வைத்த அதிகாரத்தின் பேர் ‘உழவு’. எங்க பேச்சில் வேளாண்மை, ‘வெள்ளாமை’ ஆகிவிட்டது. “வெள்ளாமை வீடு வந்து சேரணும்” என்று எங்க அம்மா சொல்லும்போது அது விளைச்சலும்தான், வேலையும்தான். ஆக, பாடுபடுவது, உதவுவது, மண்ணைக் கிளறுவது. நம்ம சொற்கள் இந்த மூன்றில் ஒன்றிலிருந்து கிளம்பியிருக்கின்றன. பணத்திலிருந்து கிளம்பிய நம்ம சொல் என்றால் அது ‘குத்தகை’தான். கன்னடத்தில் ‘குத்திகெ’, தெலுங்கில் ‘குத்த’. ‘ஃபார்ம்’ என்ற சொல்லுக்கு எங்க டீக்கடை பெஞ்சில் சரியான மொழிபெயர்ப்பு கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இது ஏதோ ஐரோப்பாவில் நடந்த கதை என்று விட்டுவிட முடியாது. இந்த ஃபார்ம் சண்டையின் பெரிய பகுதி எங்க மண்ணிலேயே நடந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் 1772ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் நிலவரி வசூலை ஐந்து வருஷத்துக்கு ஏலம் விட்டது. அதிகம் கேட்டவருக்கு உரிமை. அதற்கு அவர்கள் வைத்த பேரே ‘ஃபார்மிங்’ முறை. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்கக் குடியானவர்களைப் பிழிந்தார். 1793ல் அதற்கு மாற்றாக அங்கே ஜமீன்தார்களிடம் நிரந்தரமாக ஒப்படைத்தார்கள்.

அதே சமயத்தில் திப்பு சுல்தானோடு நடந்த போர் முடிந்து, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால் கம்பெனி கைக்கு வந்தது. பாரமகால் என்றால் எங்க தர்மபுரி, கிருஷ்ணகிரி சீமை. அதை நிர்வாகம் பண்ண அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை அனுப்பினார்கள். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. சென்னைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரை மேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். அந்தச் சிலை மனிதர் தன் இளவயதில் ஏழு வருஷம், 1799 வரை, எங்க பாரமகாலில் வேலை பார்த்தார். தர்மபுரியில் தங்கியிருந்தார்.

ரீடும் மன்றோவும் இங்கே செய்தது என்னவென்றால், நடுவில் இருக்கிற வரிக் குத்தகைக்காரனை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வயலாக அளந்து, தரம் பிரித்து, உழுகிறவன் பேரில் தீர்வை போட்டு, அவனிடமே நேராக வாங்குவது. பிற்பாடு ‘ரயத்துவாரி’ என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதற்கு நாற்று விட்ட இடம் எங்க சீமைதான். ஆனால் மன்றோ போன பிறகு கம்பெனி மனசு மாறி, 1802க்குப் பிறகு இந்தச் சீமையை ‘மிட்டா’க்களாகக் கூறு போட்டு ஏலம் விட்டது. மிட்டாதார் என்ற சொல் எங்க பக்கத்துப் பெரியவர்கள் வாயில் இன்னமும் இருக்கு. 1820ல் மன்றோ சென்னை மாகாண கவர்னராக வந்த பிறகுதான் ரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையாக ஆனது. மிச்சம் இருந்த ஜமீன், மிட்டாக்களை 1948 சட்டம் முடித்து வைத்தது.

இன்னைக்கு நாம் பெருமையாகக் காட்டுகிற பட்டா அந்த வழியில் வந்ததுதான். நிலத்தில் நிற்கிறவன் பேரைக் காகிதத்தில் ஏற்றுவது அதன் நோக்கம். நல்ல நோக்கம். சிக்கல் என்னவென்றால், பேர் ஏறின பிறகு ஆள் நகர்ந்துவிடுகிறான். காகிதம் அங்கேயே நிற்கிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எனக்குச் சொந்தமாக இரண்டு ஏக்கர். அதை ஒட்டி, ஒரு வரப்பு தாண்டினால், ஒன்றரை ஏக்கர் இன்னொரு குடும்பத்துடையது. பெரியவர் முன்பே பெங்களூரு போய்விட்டார். நல்ல மனுஷன். அந்த ஒன்றரை ஏக்கரை பதினோரு வருஷமாகக் குத்தகைக்கு நான்தான் ஓட்டுகிறேன். எழுத்து எதுவும் கிடையாது. தை மாசம் நேரில் போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு மூட்டை ராகியும் வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டு வருவேன். அதுதான் ஒப்பந்தம்.

குத்தகை எப்படி வேலை செய்யும் என்று டவுன் நண்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்க பக்கம் நிலத்தை அடுத்தவர் ஓட்ட இரண்டு வழி. ஒன்று வாரம். செலவிலும் விளைச்சலிலும் பேசினபடி பங்கு. நல்ல வருஷம் இரண்டு பேருக்கும் நல்லது, கெட்ட வருஷம் இரண்டு பேருக்கும் கெட்டது. இன்னொன்று குத்தகை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், தக்காளி பெட்டி ஆயிரத்துக்குப் போனாலும் ரோட்டோரம் கொட்டினாலும், சொன்ன தொகை சொன்ன தேதியில் போகணும். ‘ஃபிர்முஸ்’, அசையாதது. அசைவதெல்லாம் ஓட்டுகிறவன் தலையில்.

அசையாத தொகையைக் கொடுக்கிறவனுக்கு நிலத்தில் அசையாத இடம் உண்டா என்றால் இல்லை. குத்தகை நிலத்தில் நான் மரம் வைக்க முடியாது. தென்னம்பிள்ளை ஒன்று வைத்தால், “என்னப்பா, வேர் விடப் பாக்கறியா?” என்று கேலியாகக் கேட்பார்கள். கேலிதான், ஆனாலும் கேட்பார்கள். அதனால் ராகி, தக்காளி, அவரை என்று சில மாசத்தில் முடிகிற பயிர்தான். மண்ணுக்குத் தொழுவுரம் கொட்டும்போது கை கொஞ்சம் தயங்கும். இதன் பலன் அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும்தானே வரும், அப்போது நாம் இங்கே இருப்போமா என்று தோன்றும். நான் கொட்டுவேன், மனசு கேட்காது. எல்லாராலும் முடியாது.

ஒரு வருஷம் அறுப்பு நேரத்தில் மழை விடாமல் அடித்தது. தக்காளி மொத்தமும் செடியிலேயே வெடித்து அழுகிவிட்டது. வரப்புக்கு இந்தப் பக்கமும் அழுகல்தான், அந்தப் பக்கமும் அழுகல்தான். சேதம் கணக்கெடுக்க வந்தவர் சர்வே நம்பரைப் பார்த்தார். இந்தப் பக்கத்துக்கு என் பேர் எழுதினார். அந்தப் பக்கத்துக்குப் பட்டாவில் இருக்கிற பேரை எழுதினார். நாத்து வாங்கினது, குச்சி நட்டது, கயிறு கட்டினது, மருந்து அடிச்சது எல்லாம் நான்தான் என்றேன். “தெரியுதுங்க, ஆனா ரெக்கார்டுல நீங்க இல்லையே” என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் கையில் இருந்த படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. பெரியவர் அந்தப் பணம் வந்ததும் கூப்பிட்டு எனக்கே அனுப்பிவிட்டார். எத்தனை பேருக்கு அப்படிப்பட்ட பெரியவர் கிடைப்பார்?

2019ல் தொடங்கின பி.எம்.கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய் வருகிறது. அதுவும் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். ஒரு துண்டு நிலம்கூட இல்லாமல் முழுக்கக் குத்தகையிலேயே நாலு ஏக்கர் ஓட்டுகிற ஆட்கள் எங்க பக்கம் இருக்கிறார்கள். விடியறதுக்கு முன்னாடி எழுந்து தண்ணி கட்டுகிறவர்கள். அந்தப் பட்டியலில் அவர்கள் விவசாயி இல்லை.

ஆனால் இன்னொரு படிவம் வேற மாதிரி சொல்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பணமாகவோ தானியமாகவோ பங்காகவோ கொடுத்து அடுத்தவர் நிலத்தை எடுத்துப் பயிர் செய்கிறவரும் சாகுபடியாளர்தான். கூலிக்குப் போகிறவர் விவசாயத் தொழிலாளி. இரண்டுக்கும் அவர்கள் வைத்திருக்கிற வித்தியாசம் என்ன தெரியுமா? நஷ்டம் யாருடையது என்பதுதான். பயிர் போனால் யாருக்குப் போகிறதோ அவர் சாகுபடியாளர். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் சாகுபடியாளர் 11.88 கோடி, விவசாயத் தொழிலாளர் 14.43 கோடி. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் இருந்த தேசிய விவசாயிகள் ஆணையத்தின் வேலையைத் தொடர்ந்து 2007ல் வந்த தேசிய விவசாயிகள் கொள்கை இன்னும் விசாலம். குத்தகைதாரர், வாரத்துக்கு ஓட்டுகிறவர், கூலித் தொழிலாளி, ஆடு மாடு மேய்ப்பவர், மீனவர், தேனீ வளர்ப்பவர் எல்லாரையும் ‘ஃபார்மர்’ என்ற சொல்லுக்குள் கொண்டு வந்தது. கொள்கையில் இருக்கிற விசாலம் பணம் பட்டுவாடா பண்ணும் இடத்துக்கு வரும்போது பட்டா அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

இனி அந்த போன். போன சித்திரையில் பெரியவரின் பையன் கூப்பிட்டார். ஐடி வேலை, நல்ல பையன், என்னை விடப் பதினைந்து வயசு சின்னவர்.

“அண்ணா, எப்படி இருக்கீங்க? ஒண்ணு சொல்லணும். அடுத்த வருஷத்துல இருந்து அந்த நிலத்தை நாங்களே ஃபார்ம் பண்ணலாம்னு இருக்கோம்.”

“நல்லதுதானே தம்பி. இங்க வந்துடறீங்களா?”

“இல்லண்ணா, வீக்கெண்ட்ல வருவோம். மத்தபடி நீங்கதான் பாத்துக்கணும். மாசாமாசம் சம்பளம் மாதிரி குடுத்துடறோம். என்ன போடலாம்னு நான் யூட்யூப்ல பாத்து சொல்றேன்.”

யோசிச்சு சொல்றேன் தம்பி என்று வைத்துவிட்டேன். சம்பளத் தொகை குறைவில்லை. சில வருஷம் எனக்குத் தக்காளியில் மிஞ்சுவதை விட அது அதிகம். என் வீட்டுக்காரம்மாவே “நிம்மதியா வாங்கிட்டுப் போங்களேன், மழைக்கும் ரேட்டுக்கும் பயப்பட வேண்டாம்ல” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நஷ்டம் இல்லாத வருமானம் எங்க தொழிலில் யாருக்குக் கிடைக்கும்?

ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. அதே நிலம், அதே கை, அதே மண்வெட்டி. அடுத்த கணக்கெடுப்பில் அந்த ஒன்றரை ஏக்கருக்கு அவர் சாகுபடியாளர், நான் தொழிலாளி. ‘ஃபார்ம்’ பண்றது அவர், வேலை செய்யறது நான். தம்பி அந்த வினைச்சொல்லைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 15ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ்படி ரொம்பச் சரி. ஃபார்ம் பண்ண மண்ணில் நிற்க வேண்டியதில்லை, தொகையை நிர்ணயம் பண்ணினால் போதும். ஒசூர், தேன்கனிக்கோட்டை ரோட்டில் போனால் ‘மேனேஜ்டு ஃபார்ம்லேண்ட்’ என்று போர்டு போர்டாக வைத்திருக்கிறார்கள். கால் ஏக்கர் வாங்கிப் போடுங்க, மரம் நட்டு நாங்க பாத்துக்கறோம் என்கிறார்கள். என் அக்கா பையன் போன் கேமில் ஒரே அரக்கனைத் திரும்பத் திரும்ப அடித்துக் காசு சேர்ப்பதற்குப் பேர்கூட ‘ஃபார்மிங்’காம். வார்த்தை சுற்றிவிட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்துகொண்டிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து நான் பெங்களூரு போனேன். பெரியவர் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். நான் கேட்டது இதுதான்: “தம்பி, சம்பளம் வேணாம். வாரத்துக்கு விடுங்க. விதை, உரம், மருந்து செலவு ஆளுக்குப் பாதி. உழைப்பு என்னுது, நிலம் உங்களுது. வந்தா ஆளுக்குப் பாதி, போனா ஆளுக்குப் பாதி. என்ன பயிர்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுவோம்.”

“வாரமா? வாராவாரமா?” என்று கேட்டார். பெரியவர் சிரித்துவிட்டார். பிறகு அவரே பையனுக்கு வாரம் என்றால் என்ன என்று விளக்கினார்.

தம்பி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. நஷ்டம் வந்தால் எவ்வளவு வரும் என்று கேட்டார். போன ஐந்து வருஷத்துக் கணக்கு நோட்டைக் காட்டினேன். இரண்டு வருஷம் லாபம், ஒரு வருஷம் கைக்கும் வாய்க்கும் சரி, இரண்டு வருஷம் நஷ்டம். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்த ரெண்டு வருஷமும் நீங்க எங்களுக்குக் குத்தகை குடுத்தீங்களா அண்ணா?” என்றார். கொடுத்தேன் என்றேன். “அப்பா சொல்லவே இல்லையே” என்றார். பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத்துப் பற்றியும் பேசினேன். அதுதான் கஷ்டமான பேச்சு. நிலத்துக்காரர்கள் எழுதிக் கொடுக்கப் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. 1955ல் வந்த சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. சொந்த உழைப்பைப் போட்டுக் குத்தகை நிலத்தை ஓட்டுகிறவரை அவ்வளவு சுலபமாக வெளியேற்ற முடியாது. 1956ல் நியாயமான குத்தகைக்கு ஒரு சட்டம், 1969ல் குத்தகை உரிமையைப் பதிவு பண்ண ஒரு சட்டம். ஓட்டுகிறவனைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் வந்தது. ஆனால் பயத்தில் யாரும் எழுதுவதில்லை, எழுதாததால் சட்டம் இருந்தும் அவன் கைக்கு எட்டுவதில்லை. நான் பெரியவரிடம் நேராகவே சொன்னேன்: “ஐயா, நிலம் உங்களுது, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நான் கேக்கறது, பயிர் என்னுதுன்னு ஒரு வரி.”

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் அவரே தன் கையால் எழுதினார். இந்த ஒரு வருஷத்துக்கு, இன்ன சர்வே நம்பரில், இன்னார் பாதி வாரத்துக்குப் பயிர் செய்கிறார். சேதம் வந்து நிவாரணம் கிடைத்தால் அதுவும் பாதிப்பாதி. கீழே அவர் கையெழுத்து, தம்பி கையெழுத்து, என் கையெழுத்து. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ‘ஃபிர்மா’ என்றால் கையெழுத்தாம். கம்பெனியை ‘ஃபர்ம்’ என்று சொல்வதும் அந்தக் கையெழுத்திலிருந்துதானாம். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த நிலத்தில் எனக்கு உறுதியாக ஒன்று கிடைத்தது. ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த சித்திரையில் திரும்பவும் பேசணும். தம்பிக்கு மனசு மாறலாம், போர்டு வைத்தவர்கள் நல்ல விலை சொல்லலாம். அது அவர்கள் நிலம், அவர்கள் முடிவு.

ஆடியில் தம்பி வந்தார், ராகி நாத்து நட. அரை நாள் குனிந்து நட்டார், மறுநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. நடுவில் இரண்டு தடவை போன் பண்ணி “அண்ணா, நம்ம ராகி எப்படி இருக்கு?” என்று கேட்டார். ‘நம்ம’ என்று கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. நஷ்டத்தில் பாதி தனக்கு என்று ஆனதும் அவருக்கும் மழை எப்போது வரும் என்று தெரிய வேண்டியிருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் நிறைய பேருக்கு ஊரில் தாத்தா நிலமோ அப்பா நிலமோ ஒரு ஏக்கர், அரை ஏக்கர் இருக்கும். யாரோ ஒருத்தர் ஓட்டிக்கொண்டிருப்பார். பொங்கலுக்குப் போனால் ஒரு மூட்டை அரிசியோ கொஞ்சம் பணமோ கொடுப்பார். உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கிராம நிர்வாக அலுவலரிடம் உங்க சர்வே நம்பருக்கு அடங்கல் கேட்டுப் பாருங்க. ஜூலையில் தொடங்குகிற ஒவ்வொரு பசலியிலும் எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதி வைக்கிற கணக்கு அது. அதில் யார் பேர் இருக்கிறது, நிஜத்தில் உழுகிறது யார் என்று பாருங்க. இரண்டும் வேற வேறயாக இருந்தால், உழுகிறவரைக் கூப்பிட்டுப் பேசுங்க. கடைசியாக நஷ்டம் வந்த வருஷம் எது, அப்போது அவர் என்ன செய்தார் என்று கேளுங்க. அவர் தானாகச் சொல்ல மாட்டார். நீங்கதான் கேட்கணும்.